கோம்ப்லூனில் எட்டாவது தொட்டில்

அத்தியாயம் பதினான்கு

மாமனாரின் மேல்வரிசைப் பற்கள் பதினான்கையும் செய்தவள் நொல்வென்.

லியோனில் பல் செட் செய்யும் கூடம் ஒன்றில் அவளுக்கு ஒன்பது வருட வேலை. கல்யாணமான வருடம் ‘ரெஜிஸ் வலான்சோன்’ என்று மாமனார் பெயர் எழுதிய வாய் அச்சு அவள் மேசைக்கு வந்தபோது கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் அக்கறையாகத்தான் செய்தாள். அதற்குப் பிறகு அவர் குத்தலாக எதையாவது சொல்லும்போதெல்லாம் அவளுடைய கண் இடது பக்கத்து இரண்டாவது கடைவாய்ப்பல்லில் போய் நிற்கும். அதை இன்னும் கொஞ்சம் தேய்த்திருக்கலாம் என்று தோன்றும். சொன்னது காதில் ஏறாமலே போய்விடும். ஆறு வருடக் குடித்தனத்தில் அவள் கண்டுபிடித்த ஒரே உபாயம் இது.

இன்றைக்கு டிசம்பரின் முதல் ஞாயிறு. அந்தப் பல்லுக்கு நிறைய வேலை இருக்கும்.

வலான்சோன் வீட்டில் இந்த மதியச் சாப்பாட்டில்தான் பிப்ரவரிப் பனிச்சறுக்கு விடுமுறை முடிவாகும். முடிவாவதற்கு அங்கே என்ன இருக்கிறது? முப்பத்தைந்து வருடமாக ஒரே ஊர். ரோஷ்-ஒத். இரண்டாயிரத்து முந்நூறு மீட்டர் உயரத்தில், மரம்கூட முளைக்காத பாறைமேல், ரெஜிஸ் வாங்கிப்போட்ட இரண்டு அறை வீடு. பள்ளத்தாக்கில் காரை நிறுத்திவிட்டு ரோப் காரில் ஏறினால் எட்டே நிமிடத்தில் மேலே. அந்த எட்டு நிமிடத்தைத் தானே கட்டியதுபோல் பெருமை பேசுவார் ரெஜிஸ். அவர் ஓய்வு பெற்ற பாலப் பொறியாளர். அந்த ரோப் காருக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அப்போலினுக்கு ஏழு மாதம். இந்த இலையுதிர் காலத்தில் மட்டும் இரண்டு தடவை காதில் சீழ் வைத்துவிட்டது. புதன்கிழமை டாக்டர், குழந்தையின் ஆரோக்கியப் புத்தகத்தில் கைப்பட எழுதிக் கொடுத்தார்: இந்தக் குளிர்காலத்தில் உயரமான இடம் வேண்டாம், ரோப் கார் கூடவே கூடாது. வெள்ளிக்கிழமை அதைத் தன் கணவன் திபோவிடம் காட்டினாள் நொல்வென். அன்றைக்கு வந்த சண்டையை இன்னொரு முறை சொல்ல வேண்டாம். கடைசியில் அவன் அவள் கையைப் பிடித்து, “ஞாயித்துக்கிழமை அப்பாகிட்ட நானே பேசறேன்” என்றான். காரில் வரும்போதும் சொன்னான். வாசல் மணியை அடிக்கும் முன்பும் சொன்னான்.

அவள் ஏற்கனவே ஊர் பார்த்து வைத்துவிட்டாள். குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே, ஒரு கையால் போனைத் தள்ளித் தள்ளி, மூன்று வாரத்தில் பதினொரு ஊர்களைப் பார்த்துப் பத்தைக் கழித்தாள். மிஞ்சியது கோம்ப்லூன். ஆயிரத்து நூறு மீட்டர். கார் வாசல் வரை போகும். புதிதாகக் கற்பவர்களுக்கான சரிவு தேவாலயத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது. அவளும் புதியவள்தான், நாட்டின் மேற்குக் கோடியில் பிரித்தானிக் கடற்கரையில் மீன்பிடித் துறைமுகத்தில் பிறந்தவள், இருபத்தைந்து வயது வரை பனியைப் படத்தில்தான் பார்த்திருந்தாள். அந்த ஊரில் கைக்குழந்தைகளுக்கு ஒரு காப்பகமும் உண்டு. அதில் எட்டே எட்டுத் தொட்டில். ஏழு போய்விட்டன. எட்டாவதை இன்று மாலை ஆறு மணி வரை அவள் பேரில் பிடித்து வைத்திருக்கிறார்கள். அதற்குள் போன் செய்து உறுதி சொல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

ஒரு தொட்டில். அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்லி வாங்க முடியாவிட்டால் இந்தக் குழந்தையின் எந்த விஷயத்திலும் தனக்கு வாய் இருக்காது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

*

ஆட்டுத் தொடையை ரெஜிஸ்தான் வெட்டுவார். யாருக்கு எந்தத் துண்டு என்பதில் அந்த வாரத்து மதிப்பெண் தெரிந்துவிடும். மகள் பெரெனிஸுக்கு நடுத்துண்டு. திபோவுக்கு ஓரம். நொல்வெனுக்கு எலும்பை ஒட்டியது.

“அப்புறம்? எங்க கடற்கரைச் சீமாட்டி ஏதோ ஊர் பாத்து வெச்சிருக்காங்களாமே?”

இந்த வீட்டில் மருமகளை ‘நீங்க’ என்றுதான் பேசுவார்கள். மாமனாரும் மாமியாரும்கூட ஒருவரையொருவர் ‘நீங்க’தான். முதல் வருடம் அதை மரியாதை என்று நினைத்தாள் நொல்வென். எட்டி நில் என்று சொல்ல அதைவிட நாகரிகமான வழி இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

அவள் திபோவைப் பார்த்தாள். அவன் உருளைக்கிழங்கைப் பார்த்தான்.

“கோம்ப்லூன்” என்றாள் அவளே.

“எத்தனை மீட்டர்?”

“ஆயிரத்து நூறு.”

“அது மலை இல்லைங்க. மாடிப்படி.”

பெரெனிஸ் சிரித்தாள். அவள் பத்திரம் எழுதும் அலுவலகம் சொந்தமாக வைத்திருப்பவள். அப்பாவின் வேடிக்கைகளுக்கு முதலில் சிரிப்பது அவள் வேலை. அவளுடைய இரண்டு பையன்களும் சாப்பிட்டு முடித்துத் தோட்டத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். “அங்க பனின்னா, பசு மாட்டுக்குக் குளம்பு நனையற அளவு விழும்ப்பா. நாங்க பள்ளிக்கூடத்துல ஒரு தடவை போனோம். சாணி நாத்தம் சட்டையை விட்டுப் போகவே இல்லை.”

“சரிவுல ஏறுறதுக்கு ஓடற பட்டை இருக்குமே, அங்க?” ரெஜிஸ் கத்தியை நீட்டிக் காட்டினார். “சூப்பர் மார்க்கெட்ல கல்லாப் பக்கம் கேரட் போகுமில்ல, அந்த மாதிரி வரிசையா நிப்பாங்க கத்துக்குட்டிங்க எல்லாம்.”

“கேரட் கீழ விழாம போய்ச் சேந்துடுமே, ரெஜிஸ்” என்றாள் நொல்வென்.

திபோ இருமினான். ரெஜிஸ் ரொட்டியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். இடது பக்கம் மென்றார். பல் நன்றாகத்தான் பொருந்துகிறது என்று அவள் கவனித்துக்கொண்டாள்.

“டாக்டர் ரோப் கார் கூடாதுன்னு எழுதியே குடுத்திருக்காங்க. காது...”

“எந்த டாக்டர்? சைக்கிள்ல வருமே, அந்தப் பொண்ணா? இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் காது, எதுக்கெடுத்தாலும் பால் ஒத்துக்கலை. திபோவை நாலு மாசத்துல ரோஷ்-ஒத்துக்குத் தூக்கிட்டுப் போனேன். இதோ, இந்தக் கையில. என்ன கெட்டுப்போச்சு?”

திபோ நிமிர்ந்தான். அப்பா பக்கம் இருந்தது அவனுடைய இடது காது. அது கேட்காத காது. இரண்டு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து போனதாக வீட்டில் சொல்வார்கள்.

“என்னப்பா?”

“ஒண்ணுமில்ல. சாப்பிடு.”

மேசையின் மறுகோடியில் மாமியார் சொலாஞ் எழுந்தார். பாதிகூடக் காலியாகாத பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். அவர் எழுந்து போவதை யாரும் கவனிப்பதில்லை. அவர் வருவதையும்தான்.

நொல்வென் மேசைக்கடியில் திபோவின் காலை மிதித்தாள். லேசாக அல்ல.

“அப்பா” என்றான் அவன். “நொல்வென் சொல்றதுலயும்... யோசிச்சுப் பாத்தா... ஒரு நியாயம் இருக்கு.” எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். “ஆனா ரோஷ்-ஒத்ல பனி உறுதி. அதுவும் உண்மைதான்.”

சொல்லிவிட்டு அவன் உருளைக்கிழங்குக்குத் திரும்பினான். தன் கடமை முடிந்தது என்பதுபோல் அவன் தோள் இறங்கியதை அவள் பார்த்தாள்.

பல் செட் கூடத்தில் சில நேரம் பிளாஸ்டர் கலக்கும்போது உள்ளே காற்றுக் குமிழ் புகுந்துவிடும். அச்சு வெளியே முழுசாக, வழவழவென்று இருக்கும். கையில் எடுத்தால் பொடிந்துபோகும். அப்படிப்பட்டதை அவள் கோபப்பட்டு எறிவதில்லை. கோபப்பட அதில் என்ன இருக்கிறது? குப்பைக் கூடையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வாள். இந்த ஆண்பிள்ளையைப் பார்க்கும்போது தனக்கு அழுகை வரவில்லை, கை கழுவத் தோன்றுகிறது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

“அப்போ பிப்ரவரி கடைசி வாரம், ரோஷ்-ஒத்” என்றார் ரெஜிஸ். “சறுக்குப் பள்ளியில பசங்க ரெண்டு பேருக்கும் அக்டோபர்லயே பேர் குடுத்துட்டேன்.”

“கடைசி வாரமா? லியோன் பள்ளிக்கூட லீவு பிப்ரவரி ஆரம்பத்துலன்னு...”

“நீங்க உங்க ஊர்க் கணக்கைப் பாத்திருப்பீங்க.” அவர் புன்னகைத்தார். பதினான்கு பல்லும் தெரிந்தது. “போன பிப்ரவரியில பசங்களுக்கு என்னைக்கு லீவு விட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா?”

நாட்டை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்குப் பின் ஒரு பகுதியாகத்தான் குளிர்கால லீவு விடுவார்கள், எல்லாரும் ஒரே வாரத்தில் மலைமேல் போய் விழாமல் இருக்க. லியோன் ஒரு பகுதி, பிரித்தானி வேறு பகுதி. தான்தான் குழப்பிக்கொண்டோமோ என்று நொல்வெனுக்கே சந்தேகம் வந்தது. இந்த வீட்டின் சாமர்த்தியம் அது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், கையில் இருக்கும் விரலைக்கூட இன்னொரு முறை எண்ணிப் பார்க்கத் தோன்றும்.

“நாள் கணக்கெல்லாம் அப்பா பாத்துக்குவாரு” என்றாள் பெரெனிஸ்.

அப்போலின் சிணுங்கினாள். நல்ல குழந்தை, நேரம் பார்த்துச் சிணுங்கும். நொல்வென் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

*

சமையலறைக்குப் போகும் வழியில் சுவரில் ஒரு தக்கைப் பலகை. ஒவ்வொரு படி தேறும்போதும் சறுக்குப் பள்ளி கொடுத்த சின்னங்களையெல்லாம் குத்தி வைத்திருந்தார்கள். ரெஜிஸ் பெயரில் ஒரு வரிசை. பெரெனிஸுக்குக் கரடிக்குட்டி, பனித்துளி, ஒற்றை நட்சத்திரத்திலிருந்து தங்க நட்சத்திரம் வரை. திபோவுக்குக் கரடிக்குட்டி, பனித்துளி. அதோடு சரி. அவன் எப்போதும் இடது பக்கமாகவே விழுவான் என்பது இந்த வீட்டில் முப்பது வருடத்து நகைச்சுவை. சொலாஞ் பெயர் பலகையில் இல்லவே இல்லை. அத்தனை குளிர்காலமும் மேலே போயிருக்கிறார். அந்த இரண்டு அறை வீட்டில் மற்றவர்களின் ஈரக் கையுறைகளை உலர்த்தியிருக்கிறார்.

சொலாஞ் முதுகைக் காட்டிக்கொண்டு டார்ட் இனிப்பை வெட்டிக்கொண்டிருந்தார். ரோஸ் நிறப் பாதாம் மிட்டாயைப் பொடித்துப் போட்டது. பிசுபிசுவென்று கத்தியோடு இழுத்தது.

“தண்ணி வேணுமா?”

“இல்ல. தேதி பாக்கணும்.”

குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் தபால்காரர் கொண்டுவந்து தரும் நாள்காட்டி தொங்கியது. பனியில் நிற்கும் இரண்டு கழுதைகளின் படம். கீழே மாதங்கள், மூன்று பகுதிகளின் லீவும் மூன்று நிறத்தில். பிப்ரவரி கடைசி வாரத்தைச் சுற்றி ரெஜிஸின் சிவப்பு வட்டம், கருவி வைத்து வரைந்ததுபோல் துல்லியமாக. லியோன் நிறமும் அங்கேதான் இருந்தது.

அவர் சொன்னது சரிதானா? குழந்தை நாள்காட்டியின் மூலையைப் பிடித்து இழுத்தது. நொல்வென் அதன் விரலைப் பிரித்தாள். அப்போது மேலே வருடம் கண்ணில் பட்டது.

“இது இந்த வருஷத்து காலண்டர்” என்றாள் மெதுவாக. “இந்த பிப்ரவரி முடிஞ்சு பத்து மாசம் ஆச்சு. எந்தப் பகுதிக்கு முதல் லீவுங்கறது வருஷா வருஷம் மாறுமே.”

“கண்டுபிடிச்சுட்டீங்களா” என்றார் சொலாஞ், திரும்பாமலே.

“உங்களுக்குத் தெரியுமா?”

“அக்டோபர்ல அவர் வட்டம் போட்டப்பவே.”

“சொல்லலையா?”

“கேக்கலையே.” கத்தியை வழித்தார். “புது காலண்டரைச் செவ்வாய்க்கிழமை தபால்காரர் குடுத்துட்டுப் போனாரு. அலமாரிக்குள்ள வெச்சிருக்கேன். அடுத்த பிப்ரவரியில லியோனுக்குத்தான் முதல் வாரம். நீங்க சொன்னதுதான் சரி.”

“அப்போ பசங்க ரெண்டும் பள்ளிக்கூடத்துல இருக்கறப்போ அவர் அங்க...”

“சறுக்குப் பள்ளி வாசல்ல நிப்பாரு. எனக்கும் ஏதாவது பொழுதுபோக்கு வேண்டாமா?”

நொல்வென் சிரித்துவிட்டாள். சொலாஞ் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து, கடைசி இழுப்பறையைத் திறந்து, மடித்து வைத்த துடைக்கும் துணிகளுக்கு அடியிலிருந்து எதையோ எடுத்தார். பழைய ஆரோக்கியப் புத்தகம். அட்டையில், இளமையான கையெழுத்தில், திபோவின் பெயர்.

“இது தொலைஞ்சு போச்சுன்னு திபோ சொன்னானே. வீடு மாத்தறப்போ.”

“நான்தான் அப்படிச் சொன்னேன். நாலு மாசத்துல தூக்கிட்டுப் போனேன்னு சொன்னாரில்ல, அது உண்மை. மீதியை நீங்க படிங்க. ஓரம் மடிச்ச பக்கம்.”

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே படித்தாள். பள்ளத்தாக்கு மருத்துவமனை ஒன்றின் முத்திரை. சளியோடு ரோப் காரில் வேகமாக ஏறியது. இடது செவிப்பறை கிழிந்திருந்தது. சீழ் உள்ளே பரவியிருந்தது. தாமதமாகக் கொண்டுவரப்பட்டது. தாமதமாக என்பதற்குக் கீழே ஒரு கோடு.

“கிளம்பறப்பவே மூக்கு ஒழுகிட்டிருந்தது” என்றார் சொலாஞ். “வேண்டாம்னு சொன்னேன். ரோப் கார்ப் பெட்டிக்குள்ள குழந்தை அழுத அழுகையில கூட வந்தவங்க முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. ‘பசிக்குது, பால் குடுங்க’ன்னாரு. மேல போய்ச் சேர்றப்போ அழுகை பட்டுனு நின்னுடுச்சு. ‘பாத்தீங்களா’ன்னாரு. மறுநாள் காலையில தலையணையில ரத்தம்.”

“உடனே கீழ கொண்டுபோகலையா?”

“மூணாவது நாள் இறங்கினோம்.” அவர் டார்ட் தட்டை நேராக்கினார். “பனி ரொம்ப நல்லா இருந்தது.”

வெளியே பெரெனிஸின் பையன்கள் எதற்கோ கூச்சலிட்டார்கள். நொல்வெனின் கை தானாக அப்போலினின் இடது காதை மூடிக்கொண்டது.

“பொன்னுக்கு வீங்கி?”

“அது அவர் கட்டின கதை. நான் மறுக்கலை.”

நொல்வென் அந்த அம்மாளைப் பார்த்தாள். வெள்ளைக் காலர், முத்துத் தோடு, சுத்தமான நகங்கள். முப்பத்து நான்கு வருடம். பிள்ளை ஒவ்வொரு முறை ‘என்னப்பா’ என்று கேட்கும்போதும், பனியில் இடது பக்கமாக விழும்போதும், எல்லாரும் சிரிக்கும்போதும், இவர் கையுறை உலர்த்திக்கொண்டிருந்திருக்கிறார். பொய் சொன்னவரையாவது நீங்களும் ஒரு மனிதனா என்று திட்டலாம். அதற்குத் துணி மடித்து மூடி வைத்தவரை என்ன சொல்லித் திட்டுவது?

“அப்படித்தான் பார்ப்பீங்க” என்றார் சொலாஞ். “பாருங்க. தப்பில்ல.”

வாய்வரை வந்த வார்த்தையை அவள் விழுங்கினாள். தானும் ஆறு வருடம் ஒரு கடைவாய்ப்பல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தானே. பதில் சொல்லாமல் இருப்பதை ஒரு கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டு. இன்னும் இருபத்தெட்டு வருடம் அப்படியே உட்கார்ந்தால் எந்த இழுப்பறையில் போய் முடியும்? இந்தச் சமையலறை தனக்காகக் காத்திருப்பதுபோல் இருந்தது. முத்துத் தோடு மட்டும்தான் பாக்கி.

சொலாஞ் புத்தகத்தை நொல்வென் தோளில் தொங்கிய குழந்தையின் பையில் செருகினார். “சொல்றதா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்ணுங்க. எனக்கு வாய் வராது.”

“உங்க வேலையை என் தலையில கட்டாதீங்க, சொலாஞ்.”

அந்த வீட்டில் அவரிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை போலிருக்கிறது. அவர் முகம் சிவந்தது. கையை மறுபடி துடைத்துக்கொண்டார். பிறகு அலமாரியைத் திறந்து, புது நாள்காட்டியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தட்டைத் தூக்கினார்.

“கதவைத் திறங்க” என்றார்.

*

நாற்காலியில் உட்காராமலே சொன்னாள் நொல்வென். “அப்போலின் ரோப் கார்ல ஏற மாட்டா. நாங்க கோம்ப்லூன் போறோம். பிப்ரவரி முதல் வாரம்.”

“நாங்கன்னா?” என்றார் ரெஜிஸ்.

“நானும் என் பொண்ணும்.”

திபோ தலையைத் தூக்கினான். அந்தக் கணக்கில் தான் இல்லை என்பது அவனுக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆயிற்று.

“சரிதான்” என்றார் ரெஜிஸ். “போங்க. பசு மாட்டோட சறுக்குங்க. நாங்க கடைசி வாரம் மனுஷங்க போற இடத்துக்குப் போறோம்.”

“அந்த வாரம் பசங்களுக்குப் பள்ளிக்கூடம், ரெஜிஸ்.”

சொன்னது யார் என்று தெரியாமல் எல்லாரும் திரும்பினார்கள். சொலாஞ் பாலாடைக்கட்டித் தட்டை நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் நாள்காட்டியை விரித்தார். அதில் ஒரு கலங்கரை விளக்கத்தின் படம் இருந்தது. “நீங்க வட்டம் போட்டது முடிஞ்சுபோன பிப்ரவரிக்கு.”

பெரெனிஸ் குனிந்து பார்த்தாள். “அப்பா! நான் ஆபீஸ்ல கடைசி வாரத்துக்கு லீவு போட்டாச்சு! மூணு பேரோட வேலையை மாத்தி வெச்சிருக்கேன்!”

“மந்திரி எவனாவது மாத்தியிருப்பான்.”

“வருஷா வருஷம் மாறும்ப்பா! என் ஆறு வயசுப் பையனுக்குத் தெரியும்!”

“அப்போ உனக்கு ஏன் தெரியல?”

பெரெனிஸ் நாள்காட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முதல்முறையாக அப்பா சொன்னதற்குச் சிரிக்காமல் இருந்தாள். ரெஜிஸ் சமாளிப்பதற்காக ஒரு துண்டு டார்ட்டை எடுத்துப் பெரிதாகக் கடித்தார். மிட்டாய் பல்லில் இழுத்தது. அவர் வாயைத் திறக்கப் பார்த்தார். மேல்வரிசை அவரோடு வரவில்லை, டார்ட்டோடு போகப் பார்த்தது. அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். கண் மட்டும் பேசியது.

பெரெனிஸ் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“கட்டை விரலால மேல தூக்கி அழுத்துங்க, ரெஜிஸ்” என்றாள் நொல்வென். பல் செட் கூடத்தில் நோயாளிகளிடம் பேசும் அதே குரலில். “பிடிச்சுக்கும். செட் நல்ல செட்டுதான்.”

அவர் கைத்துணியை முகத்தருகே வைத்துக்கொண்டு அழுத்தினார். சொலாஞ் அதைப் பார்த்தார். அவர் முகத்தில் இரக்கம் இல்லை, வெற்றியும் இல்லை. ஏதோ ஒரு கட்டிடத்தை இவ்வளவு நாள் பெரியது என்று நினைத்துக்கொண்டிருந்தோமே என்பதுபோல் பார்த்தார்.

“கோம்ப்லூன்ல கத்துக்குட்டிங்க வகுப்புக்கு வயசு வரம்பு இருக்கா?” என்று கேட்டார்.

“இல்ல.”

“எனக்கு அறுபத்து ரெண்டு. எனக்கும் சேத்துச் சொல்லிடு.”

சொல்லிடு. ஆறு வருடத்தில் முதல்முறை. அந்த ஒருமை நொல்வெனுக்குத் தித்திக்கவில்லை. இவரை மன்னிப்பது என் வேலையில்லை என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் “சொல்றேன்” என்றாள்.

ஐந்து நாற்பதுக்கு வரவேற்பறை ஜன்னலோரம் நின்று போன் செய்தாள். மறுமுனையில் ஒரு பெண், சுறுசுறுப்பான மலைக்காரக் குரல். “தொட்டில் உங்களுக்குத்தாங்க. வகுப்புக்குப் பெரியவங்க எத்தனை பேர்?”

திபோ இரண்டடி தள்ளி நின்றிருந்தான். கையில் அவளுடைய கோட்டு.

“ரெண்டு பேர்” என்றாள் நொல்வென். “மூணாவது ஆளை அப்புறம் சொல்றேன்.”

*

காருக்கு நடக்கும்போது அவன் வழக்கம்போல் அவளைத் தன் வலது பக்கம் விட்டுக்கொண்டான். அந்தப் பழக்கத்தைக் காதலித்த காலத்தில் அவள் ஏதோ ஒரு நாசூக்கு என்று நினைத்திருந்தாள்.

“மூணாவது ஆள் நானா?”

“உனக்குத்தான் தெரியணும்.”

“நான் சொல்ல வந்தேன், நொல்வென். அப்பா முகத்தைப் பாத்ததும்...”

“தெரியும்.”

“அம்மா எப்படி அப்படிப் பேசினாங்க? சமையலறையில என்ன நடந்துச்சு?”

அவள் குழந்தையைப் பின் இருக்கையில் உட்காரவைத்துப் பட்டையை மாட்டினாள். அப்போலின் அழத் தொடங்கினாள். அசதி அழுகை; நிப்பிள் வேண்டும். திபோ இடது பக்கத்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து குழந்தையின் பையை மடியில் வைத்துக்கொண்டான்.

“எங்க வெச்சே? முன் பக்கமா?”

நானே எடுக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கையை நீட்டினால் போதும். வீட்டுக்குப் போய், குழந்தை தூங்கியபின், பையைப் பிரித்து, துணி மடித்து வைக்கும் இழுப்பறையில்...

“தேடிப் பாரு” என்றாள்.

அவள் காரைச் சுற்றி வந்தாள். கதவைத் திறந்தபோது உள்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நிப்பிள் இன்னும் கிடைக்கவில்லை. அவன் கையில் பழைய அட்டை. அதில் தன் பெயரை, தன் அம்மாவின் கையெழுத்தில், உதடு அசையாமல் படித்துக்கொண்டிருந்தான்.

“இது தொலைஞ்சு போச்சுன்னாங்களே.”

ஜன்னலுக்கு அப்பால், வீட்டின் வாசற்படியில் சொலாஞ் வந்து நின்றிருந்தார். உள்ளே போகவில்லை.

நொல்வென் அவன் பக்கத்தில், கேட்கிற காதின் பக்கம், உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். அவன் விரல் ஓரம் மடித்த பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது.